இரண்டு பாக்கெட் போதாது

வணக்கம். நான் இருப்பது ஏற்காட்டில். அப்பா ஞாபகமாக என்னிடம் மிஞ்சியது 1:72 அளவில் ஒரு மிக்-21 போர் விமான மாடல், டைகாஸ்ட். இந்த மழைக்கு இறக்கையில் பெயின்ட் கொப்புளித்து வெள்ளையாகப் பூத்துவிட்டது. வாங்கின பெட்டியிலேயே, பாச்சை உருண்டையும் இரண்டு சிலிக்கா ஜெல் பாக்கெட்டும் போட்டுத்தான் வைத்திருந்தேன். மறுபடி பெயின்ட் அடிக்கலாமா? சேலத்தில் தங்கை வீட்டில் கொண்டுபோய் வைக்கட்டுமா? விமானப்படை மிக்-21ஐ நிறுத்திவிட்டதால் விலை ஏறும் என்கிறார்களே?
– எஸ்.

அன்புள்ள எஸ்.,

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விடைபெற்றதிலிருந்து எல்லோரும் விலையைத்தான் கேட்கிறார்கள். அப்பா ஞாபகம் என்று எழுதிய கையோடு நீங்களுமா? அதை விடுங்கள். பெயின்ட்டும் வேண்டாம். டைகாஸ்ட் என்பது அச்சில் வார்த்த துத்தநாகக் கலவை. பூத்த துத்தநாகத்தின் மேல் அடித்தால் அடுத்த மழைக்கே உரியும்.

பாச்சை உருண்டையை இன்றைக்கே எடுத்து வெளியே போடுங்கள். உடலும் இறக்கையும்தான் உலோகம். விமானி மூடி, சக்கரக் கால், மூக்கு ஊசி எல்லாம் பெரும்பாலும் பிளாஸ்டிக். அந்த ஆவி பிளாஸ்டிக்கை இளக்கும். பட்டுப்புடவை வைத்தியம் இதற்கு ஆகாது.

அப்புறம் டார்ச்சைச் சாய்த்து அடித்து, இறக்கை உடலோடு சேரும் இடத்தைப் பாருங்கள். கொப்புளத்தைப் பல்குச்சியால் மெல்ல நிமிண்டுங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்து அடியில் உலோகம் கெட்டியாக இருந்தால் மேலரிப்புதான், பிழைத்தது. உலர்ந்த மென்மையான பிரஷால் தட்டிவிடுங்கள். புளி, எலுமிச்சை பக்கமே போகாதீர்கள். இது பித்தளைக் குத்துவிளக்கு இல்லை, துத்தநாகத்தைப் புளிப்பு தின்றுவிடும். காய்ந்த ஏரிச் சேறுபோல விரிசல் ஓடி இறக்கை உப்பியிருந்தால், வார்க்கும்போதே காரீயம் கலந்த கோளாறு அது. மருந்தில்லை. ஈரமும் சூடும் சேர்ந்தால் வேகம் பிடிக்கும். பக்கத்து மாடலுக்குத் தொற்றாது, பயப்பட வேண்டாம்.

இப்போது அந்த இரண்டு பாக்கெட். செருப்புப் பெட்டியில் வந்ததுதானே? ஒன்று 2 கிராமோ 5 கிராமோ இருக்கும். 1,500 மீட்டர் உயரத்தில், ஜன்னல் வழியாக மேகமே உள்ளே வரும் ஊரில், அட்டைப்பெட்டிக்குள் அது ஓரிரு நாள் தாங்கும். பிறகு வெறும் மணல். அருங்காட்சியகக் கணக்கு, ஒரு கனமீட்டருக்கு 20 கிலோ. நீளம் 2 அடி, அகலம், உயரம் 1 அடி என்று கண்ணாடிப் பெட்டி செய்தால் 57 லிட்டர். ஒரு கிலோவுக்குச் சற்று மேலே ஜெல் வேண்டும். கிராம் இல்லை, கிலோ! ஆரஞ்சு ஜெல்லாக வாங்குங்கள். ஈரம் குடித்துப் பச்சையானதும் தட்டில் பரப்பி ஓவனில் 120 டிகிரியில் 2 மணி நேரம். கதவு இடுக்கில் ரப்பர் பட்டை ஒட்டுங்கள். இல்லாவிட்டால் 10 கிலோ போட்டாலும் ஏற்காட்டு மூடுபனியைத்தான் உலர்த்திக்கொண்டிருப்பீர்கள். கண்ணாடி ஒட்டிய சிலிகானில் வினிகர் வாடை போகும்வரை மாடலை உள்ளே வைக்காதீர்கள். அந்த வாடையே துத்தநாகத்தை அரிக்கும்.

காப்பிக்கொட்டையை 10, 12 சதவீத ஈரத்துக்குக் காயவைக்காமல் மூட்டை கட்டாத மலை உங்களுடையது. 10 சென்டிமீட்டர்கூட இல்லாத இந்த இறக்கைக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

உள்ளே ஒரு டிஜிட்டல் ஈரமானி வையுங்கள். 50 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. ஒரு வாரம் காலையும் மாலையும் அது காட்டும் அளவைக் குறித்துவைத்து எனக்கு எழுதுங்கள். தங்கை வீட்டுக்குத்தான் என்றால், காற்றுப்புகாத பையில் போட்டு 20 கொண்டை ஊசி வளைவும் இறக்குங்கள். கீழே போய் 4 மணி நேரம் கழித்துப் பிரியுங்கள். குளிர்ந்த உலோகத்தின் மேல் சேலத்துக் காற்று வியர்க்கும்.