சிவபுராணம் சொல்ல ராகம் தெரிய வேண்டுமா?

அப்பாவின் பதினாறாம் நாளில் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிவபுராணம் சொல்ல வேண்டும், எனக்கோ பாட்டு வராது, வெறுமனே வாசித்தால் தப்பாகுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தப்பே இல்லை தம்பி. சிவபுராணம் திருவாசகத்தின் முதல் பகுதி. கோயிலில் பாடும் ஓதுவார்கள் திருவாசகத்தை மோகன ராகத்தில் பாடுவது வழக்கம்தான். ஆனால் அதை இயற்றிய மாணிக்கவாசகர் சிவபுராணத்தின் கடைசியில் 'பொருள் உணர்ந்து சொல்லுவார்' என்றுதான் சொல்கிறார், பாடுவார் என்றில்லை.

அதற்காகச் செய்தித்தாள் படிப்பது போலவும் வேண்டாம். முதல் அடியில் 'வாஅழ்க' என்று நடுவில் ஒரு 'அ' இருக்கும், பாருங்கள். அது அச்சுப்பிழை அல்ல, அளபெடை. அந்த இடத்தில் குரலைக் கொஞ்சம் நீட்டினாலே ஓதும் தொனி தானாக வந்துவிடும்.

மொத்தம் 95 அடி. முதல் ஐந்து 'வாழ்க' என்றும், அடுத்த ஐந்து 'வெல்க' என்றும், அதற்கடுத்த ஆறு 'போற்றி' என்றும் முடியும். இந்தப் பதினாறு அடிகளையும் நீங்கள் சொல்ல, முடிவுச் சொல்லை மட்டும் மற்றவர்கள் சேர்ந்து சொல்லட்டும். புத்தகம் இல்லாத பெரியம்மாக்கள்கூடக் கலந்துகொள்வார்கள். அப்புறம் வரும் அடிகளை ஒரே சுருதியில், பேசும் குரலை விடச் சற்று மேலே வைத்துச் சொல்லுங்கள். மூச்சை அடி முடிவில் விடுங்கள், சொல்லின் நடுவில் வேண்டாம். 'புல்லாகிப் பூடாய்' வரும் இடத்தில் எல்லோருக்கும் வேகம் கூடிவிடும். அங்கே மட்டும் நீங்கள் இழுத்துப் பிடியுங்கள்.

நடுவில் குரல் உடைந்தால் நிறுத்திவிடுங்கள். பக்கத்தில் இருப்பவர் தொடர்வார். என் அப்பாவுக்குச் சொன்னபோது தங்கைதான் முடித்தாள்.