நானோ கோட்டிங் போட்ட துணி வெயிலை உண்மையிலேயே தடுக்குமா?

நாள் முழுக்க பைக்கில் டெலிவரிக்குப் போகிறேன், "நானோ கோட்டிங், 90 சதவீதம் யுவி தடுப்பு" என்று அட்டையில் போட்டு விற்கும் ஆர்ம் ஸ்லீவை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் திருப்பூரில் ஒரு பிராசஸிங் யூனிட்டின் லேபில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன், சாயம் போட்டு வரும் துணிக்குக் கடைசியாகக் கொடுக்கும் ஃபினிஷிங்தான் என் பொறுப்பு. கோட்டிங் வேலை செய்யும். ஆனால் அது நூலைத்தான் மூடும், நூலுக்கு நடுவில் இருக்கும் ஓட்டையை மூடாது.

முதலில் அந்த 90 சதவீதத்தைப் பார்த்துவிடலாம். துணியின் வெயில் காப்பை அளக்க யுபிஎஃப் என்று ஒரு எண் இருக்கிறது, சன்ஸ்கிரீனுக்கு எஸ்பிஎஃப் இருக்கிற மாதிரி. யுபிஎஃப் 50 என்றால் மேலே விழும் புறஊதாக் கதிரில் (அட்டையில் யுவி என்று போடுவது இதைத்தான்) ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம்தான் தோலுக்குப் போகும். 90 சதவீதம் தடுக்கிறது என்றால் பத்தில் ஒரு பங்கு உள்ளே போகிறது, ஏறக்குறைய யுபிஎஃப் 10. ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996ல் இதற்கெனத் தரம் வகுத்தபோதே 15க்குக் கீழ் இருக்கும் துணியை வெயில் காப்புத் துணி என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஐரோப்பியத் தரத்துக்கு 40க்கு மேல் வேண்டும். 90க்கும் 98க்கும் எட்டுதானே வித்தியாசம் என்று தோன்றும், ஆனால் உங்கள் கைக்கு வந்து சேரும் கதிர் ஐந்து மடங்கு கூடுகிறது.

சரி, கோட்டிங்குக்கு வருவோம். பெரும்பாலும் இரண்டு பொருள்கள்தான்: டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு. இவை கண்ணாடி மாதிரி வெயிலைத் திருப்பி அனுப்புகின்றன என்று பலர் நினைக்கிறார்கள். நானோ அளவில் இவை செய்வது பெரும்பாலும் உறிஞ்சும் வேலைதான். ஜிங்க் ஆக்சைடு சுமார் 370 நானோமீட்டருக்குக் கீழே அலைநீளம் உள்ள கதிரை விழுங்கும் (நானோமீட்டர் என்பது ஒரு மீட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு), டைட்டானியத்தில் அனடேஸ் என்ற வகை 388 வரைக்கும், ரூட்டைல் என்ற வகை 410 வாக்கிலும் போகும். தோலைச் சுட்டுச் சிவக்க வைக்கும் யுவிபி 280லிருந்து 315 வரை, ஆழமாக இறங்கும் யுவிஏ 315லிருந்து 400 வரை. இதே பவுடர் பெரிய துகளாக இருந்தால் துணி திருநீறு பூசின மாதிரி வெளுத்துவிடும். துகளின் அளவு 100 நானோமீட்டருக்குக் கீழே போகும்போது கண்ணுக்குத் தெரியும் ஒளியை அது அவ்வளவாகச் சிதறடிப்பதில்லை, அதனால் துணியின் நிறம் அப்படியே இருக்கும். மும்பையில் உள்ள பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையமான சிர்காட், சுமார் 40 நானோமீட்டர் ஜிங்க் ஆக்சைடைப் பருத்தித் துணியில் அக்ரிலிக் பைண்டர் என்ற பசை வைத்து ஒட்டிப் பார்த்து 2006லேயே கட்டுரை வெளியிட்டது. காற்றோட்டமும் குறையவில்லை என்று அதில் வந்தது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது, ஏனென்றால் வெயிலுக்குப் போடும் துணி வேர்க்க வைத்தால் யாரும் போட மாட்டார்கள்.

நாங்கள் முதலில் செய்து பார்த்தது வெள்ளை சிங்கிள் ஜெர்சியில், சதுர மீட்டருக்கு 140 கிராம், பனியன் துணிதான். நானோ கலவையில் முக்கி, பாடிங் மாங்கிளில் பிழிந்து, ஸ்டென்டரில் உலர்த்தி, 150 டிகிரியில் கியூரிங், அதாவது சூட்டில் பைண்டரைத் துணியோடு இறுகப் பிடிக்க வைப்பது. கலவையை ஒழுங்காகக் கலக்காமல் கொஞ்ச நேரம் விட்டால் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொட்டியின் அடியில் தயிர் மாதிரி தங்கிவிடும், அப்புறம் அது நானோவே இல்லை. அதையெல்லாம் சரி செய்து அனுப்பியும் டெஸ்ட் ரிப்போர்ட்டில் எண் ஏறியதே தவிர, யுபிஎஃப் 50ஐத் தொடவில்லை. அன்று அந்தத் துணியை டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்து லென்ஸ் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு லூப்புக்கும் நடுவே ஊசி முனை அளவு வெளிச்சம், வரிசை வரிசையாக. நூல் முழுக்கக் கோட்டிங் இருக்கிறது, வெளிச்சம் பக்கத்துச் சந்தில் நடந்து போகிறது.

கணக்கு எளிதானது. நூலில் ஒரு துளி கதிர்கூடப் புகாது என்றே வைத்துக்கொண்டாலும், துணியின் பரப்பில் 6 சதவீதம் ஓட்டை என்றால் அந்த 6 சதவீதம் போயே தீரும், யுபிஎஃப் 17ஐத் தாண்டாது. 50 வேண்டுமென்றால் ஓட்டை 2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். இது ஃபினிஷிங்கில் முடிவாகிற விஷயமே இல்லை, நிட்டிங்கில், அதாவது துணியைப் பின்னும் இடத்தில், லூப் நீளம் வைக்கும்போதே முடிவாகிவிடுகிறது. அதே கலவையை நெருக்கமாக இரட்டைப் பின்னலில் வரும் இன்டர்லாக் துணியில் போட்டபோது பாஸ் ஆனது.

இன்னொன்று, வழக்கமான டெஸ்டில் துணியை இழுக்க மாட்டார்கள், நனைக்கவும் மாட்டார்கள். நீங்கள் போடும் ஸ்லீவ் கையில் இறுக்கமாக இழுபட்டு, வேர்வையில் நனைந்து இருக்கும். இழுத்தால் ஓட்டை பெரிதாகும். வெள்ளைப் பருத்தி நனைந்தால் ஒளி இன்னும் சுலபமாக உள்ளே போகும். சாதாரண வெள்ளை டிஷர்ட் காய்ந்திருக்கும்போதே யுபிஎஃப் 7 வாக்கில்தான், நனைந்தால் 3க்கு வந்துவிடும். அட்டையில் போட்டிருக்கும் எண் மேஜை மேல் கிடந்த காய்ந்த துணியின் எண் என்பதை வாங்குகிறவருக்கு யாராவது சொல்ல வேண்டும்.

கோட்டிங்குக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலில் சும்மா இருக்காது. 1972ல் ஜப்பானில் ஃபுஜிஷிமாவும் ஹோண்டாவும் ஒளியை வைத்து அதன் மேல் தண்ணீரையே பிரித்துக் காட்டினார்கள். அதே குணம் துணியில் இருந்தால் சாயத்தையும் பருத்தியையும் மெல்ல மெல்ல அரிக்கும். சாயம் போட்ட இரண்டு துண்டுகளைப் பாதி அட்டையால் மறைத்து வெளிச்சத்தில் சாயம் எவ்வளவு மங்குகிறது என்று பார்க்கும் லைட் ஃபாஸ்ட்னஸ் மெஷினில் வைத்து எடுத்தோம். கோட்டிங் இல்லாத துண்டில் கோடு மங்கலாகத் தெரிந்தது, அனடேஸ் போட்டதில் கத்தி வைத்து வெட்டின மாதிரி இரண்டு நிறம். ரூட்டைல் வகையை எடுத்து, ஒவ்வொரு துகள் மேலும் சிலிக்கா உறை போட்டதை வாங்கினால் இந்தப் பிரச்சினை வெகுவாகக் குறைகிறது, விலைதான் கூடும்.

துவைத்தால் போய்விடுமா என்றால், பைண்டரையும் கியூரிங்கையும் பொறுத்தது. ஸ்விட்சர்லாந்தின் எம்பா ஆய்வகம் 2012ல் டைட்டானியம் டை ஆக்சைடு உள்ள ஆறு வகைத் துணிகளைத் துவைத்துப் பார்த்ததில் ஐந்தில் மிகக் குறைவாகவே டைட்டானியம் வெளியேறியது, ஒன்றில் மட்டும் நிறைய. அந்த ஒன்றுதான் எனக்குக் கவலை. 2011ல் உயர்நீதிமன்றம் இங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதே, கழிவுநீர் ஒரு சொட்டும் நொய்யல் ஆற்றுக்குப் போகக் கூடாது என்ற உத்தரவை மீறியதால்தான், ஆனால் வீட்டில் துவைத்த தண்ணீர் நேராகச் சாக்கடைக்குத்தான் போகிறது. ஒழுங்காகக் கியூரிங் செய்யாத துணியை வெளியே விடக் கூடாது என்று நான் பிடிவாதமாக இருப்பது அதனால்தான்.

கோட்டிங் இல்லாமலே நிறைய நடக்கும். பாலியஸ்டருக்கு யுவிபியைத் தடுக்கும் குணம் இயல்பிலேயே உண்டு. பளபளப்பைக் குறைக்க நூலுக்குள்ளேயே டைட்டானியம் கலந்த ஃபுல் டல் பாலியஸ்டர் இன்னும் நல்லது, அது துவைத்தாலும் போகாது. அடர்ந்த நிறச் சாயமே கதிரை உறிஞ்சும், கருநீலத் துணிக்கு நானோ கோட்டிங் கேட்டு வருகிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். பிளீச் செய்யாத பருத்தி, பிளீச் செய்ததைவிட நன்றாகத் தடுக்கும். என் அம்மா கடலைச்செடி பிடுங்கப் போகும்போது சேலைக்கு மேல் அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வார், வருடக்கணக்காகத் துவைத்து நைந்து வெளிறின சட்டை. மடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், கொசுவலை மாதிரி இருந்தது. நெருக்கமாக நெய்த கருநீலப் பருத்தியில் தொளதொளவென்று ஒன்று தைத்துக் கொடுத்தேன், கோட்டிங் எதுவும் கிடையாது, முழங்கையில் எரிச்சல் குறைந்திருக்கிறது என்கிறார்.

உங்களுக்கும் அதையே சொல்வேன். சதவீதத்தை விட்டுவிட்டு யுபிஎஃப் 50 என்று எண் போட்டு, எந்தத் தரப்படி டெஸ்ட் செய்தது என்றும் எழுதியிருப்பதை வாங்குங்கள், அடர்ந்த நிறமாக எடுங்கள். கடையிலேயே மாட்டி, முழங்கையை மடக்கி, அந்த இடத்தை வெளிச்சத்தில் பாருங்கள். துணிக்கு உள்ளே தோல் தெரிந்தால் அடுத்த சைஸ் கேளுங்கள்.