அரை வேலி நஞ்சையை விற்காமல் தங்கையை ஜெர்மனியில் படிக்க வைக்க முடியுமா?

மன்னார்குடிப் பக்கம் அரை வேலி நஞ்சை, தங்கைக்கு ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க ஆசை, நிலத்தை விற்கத்தான் வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டு விற்காதீர்கள்.

அங்கே அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் விதிவிலக்கு. நம் பிள்ளைகளிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். பெரிய சுமை பிளாக்டு அக்கவுண்ட்தான், அதாவது பணத்தை மொத்தமாகப் போட்டு, மாதா மாதம் மட்டும் எடுக்க முடிகிற முடக்கக் கணக்கு. விசாவுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும். ஆனால் அது செலவான பணம் இல்லை. அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவள் கைக்கே வரும், சாப்பாடு, வாடகைக்கு.

சரி, அந்தப் பணத்துக்கு எங்கே போவது? கல்விக் கடன். ஏழரை லட்சம் வரை பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பதில்லை. அதற்கு மேல் போனால்தான் நம் டெல்டாக்காரர்களுக்குச் சிக்கல். முப்போகம் விளைகிற நிலமாகவே இருந்தாலும் பல வங்கிகள் அதை ஏற்பதில்லை. கடன் கட்டாமல் நின்றால், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை வங்கி விற்க வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி விவசாய நிலத்தை ஏலம் விட முடியாது, அதனால்தான். வீடு, மனை, வைப்புநிதி என்றால் வாங்கிக்கொள்வார்கள். கும்பகோணத்தில் சித்தப்பா வீடு இருந்தால் அவரிடம் பேசிப் பாருங்கள் (பேச்சை அம்மாவே ஆரம்பிப்பது நல்லது!).

அப்புறம், இதைப் படிக்கும் நிலமற்ற விவசாயக் கூலிக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு: மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையில் உங்களுக்கும் இடம் உண்டு. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்தைத் தாண்டக்கூடாது. தாசில்தாரிடம் வருமானச் சான்றை இப்போதே வாங்கி வையுங்கள்.