மேல்சபை வேண்டுமென்று எழுதலாமா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றின் இளைஞர் மன்றம் கேட்கிறது: "புதிய அரசியலமைப்புக்கு யோசனை எழுதுகிறோம். மக்கள் வாக்களிக்காத மேல்சபையைக் கேட்பது சரியா? கேட்டால் எப்படி எழுதுவது?"

தாராளமாகக் கேளுங்கள். பழைய செனட் சபையைத் திருப்பித் தாருங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். 1947இல் வந்த அந்தச் சபையில் 30 பேர். பாதிப்பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது; மீதிப்பேர் பிரதமரின் ஆலோசனைப்படி நியமனம். 1948இல் நம்மவர்களின் பிரஜாவுரிமை பறிபோனபோது அது இருந்தது, தடுக்கவில்லை. 1971இல் அதை ஒழித்தபோது மலையகத்தில் யாரும் அழுததாக நான் கேள்விப்படவில்லை.

புதிய அரசியலமைப்புக்கான வழிநடத்தல் குழுவின் 2017 இடைக்கால அறிக்கை சொன்ன இரண்டாம் சபை (மேல்சபைதான்) வேறு மாதிரி. மொத்தம் 55 பேர்: 9 மாகாண சபைகளிலிருந்து தலா 5, பாராளுமன்றம் தெரிவு செய்யும் 10. இதிலும் நமக்கு நேரடி வாக்கு கிடையாது. ஆனால் 1, 2, 3 என்று விருப்பத்தை வரிசையிட்டு, மிஞ்சும் வாக்கை அடுத்தவருக்கு மாற்றும் முறை. நமக்கு விஷயமே இங்குதான்.

மத்திய மாகாண சபையில் 58 உறுப்பினர்கள். 58ஐ 6ஆல் (ஆசனம் 5, அதோடு 1) வகுத்து அடுத்த முழு எண்ணை எடுத்தால் 10. ஓர் ஆசனத்துக்கு அவ்வளவு வாக்கு போதும். ஊவாவில் 34 பேர், 6 வாக்கு. சப்ரகமுவவில் 44 பேர், 8 வாக்கு. தமிழ் உறுப்பினர்கள் மூன்று கட்சியாகப் பிரிந்து நின்றாலும் (நிற்கத்தானே போகிறார்கள்!) அடுத்த விருப்பத்தை ஒருவருக்கொருவர் கொடுத்தால் கணக்குச் சரிவர வாய்ப்புண்டு. வெறும் பெரும்பான்மை வாக்கென்றால் ஆளுங்கட்சி ஐந்தையும் அள்ளிவிடும். ஆகவே இந்த முறையை மாற்றக் கூடாதென்று அழுத்தி எழுதுங்கள்.

பாராளுமன்றத்தின் 10 ஆசனங்களில் கணக்கு நமக்கு உதவாது. 225 பேரில் ஒருவர் வெல்ல 21 வாக்கு வேண்டும்; மலையக எம்.பி.க்கள் எல்லோரையும் கூட்டினாலும் அத்தனை பேர் வரமாட்டார்கள். அங்கே மலையகத்துக்கு ஒதுக்கீடு கேளுங்கள். தேர்தலில் தோற்றவரை அந்த வழியாக உள்ளே விடக் கூடாதென்றும் சேருங்கள். தேசியப்பட்டியலில் பார்த்தது போதும்.

அதிகாரம்? 2017 யோசனைப்படி இரண்டாம் சபையால் சாதாரண சட்டமூலத்தை மீண்டும் யோசியுங்கள் என்று கேட்க முடியும், அவ்வளவுதான். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு மட்டும் இந்தச் சபையிலும் மூன்றில் இரண்டு வேண்டும்.

அப்புறம், மத்திய மாகாண சபையின் காலம் 2018இலேயே முடிந்தது; ஆளுநர்தான் நடத்துகிறார். உறுப்பினரே இல்லாத சபை யாரைத் தெரிவு செய்து அனுப்பும்? மாகாண சபைத் தேர்தல் கோரிக்கையை உங்கள் கடிதத்தின் முதல் வரியில் வையுங்கள்.