டிஸ்சார்ஜ் புக்கில் பிழை: முன்னாள் படைவீரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

படையில் 24 ஆண்டுகள் கிளார்க் வேலை பார்த்தேன். அதில் பாதிக் காலம், படைவீரர்களின் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் கழிந்தது. இப்போது தக்கலைப் பக்கம் கொஞ்சம் ரப்பரும் பேரப்பிள்ளைகளுமாக இருக்கிறேன். படையை விட்டு வரும்போது தரும் டிஸ்சார்ஜ் புக் முதலான ஆவணங்களின் திருத்தம் பற்றிக் கேட்டவர்களுக்கு எனக்குத் தெரிந்த அளவில் பதில் சொல்கிறேன்.

குலசேகரத்திலிருந்து ஒரு நாயக்: டிஸ்சார்ஜ் புக்கில் என் பெயர் "தங்கையன் செல்வராஜ்". ஆதாரில் "செல்வராஜ் டி". ஆயுள் சான்றிதழ் கொடுக்கும்போது ஸ்பர்ஷ் ஓய்வூதிய இணையதளம் ஏற்க மறுக்கிறது. ரெக்கார்ட்ஸுக்கு எழுதட்டுமா சாப்?

வேண்டாம். நமக்கு இனிஷியல் மட்டும்தான். வடக்கே உட்கார்ந்து பதிவெழுதிய கிளார்க்குக்கு இரண்டு பெயர் வேண்டியிருந்தது. அப்பா பெயரை விரித்து முன்னால் போட்டுவிட்டார். உங்கள் சம்பளம், பதவி உயர்வு, ஓய்வூதியம் எல்லாம் அந்தப் பெயரில்தான் ஓடியிருக்கின்றன. அதைக் கலைப்பதைவிட ஆதாரைத் திருத்துவது எளிது. ஒன்று மட்டும் கவனம்: ஆதாரில் பெயரை இரண்டு முறையும் பிறந்த தேதியை ஒரே முறையும்தான் மாற்றலாம். பி.பி.ஓ.வை, அதாவது ஓய்வூதிய ஆணையை, கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துக் கொடுங்கள்.

அருமனையிலிருந்து: கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் என் பிறப்பு மலையாளக் கொல்லம் ஆண்டு 1120, மகர மாதம். அது 1945 ஜனவரி. படையில் 1944 ஜனவரி என்று போட்டுவிட்டார்கள். ஒரு வருடம் போய்விட்டதே, இப்போது திருத்த முடியுமா?

பிழை எப்படி வந்தது என்று சொல்கிறேன். கொல்லம் ஆண்டு சிங்ஙம் மாதத்தில், அதாவது ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. டிசம்பர் முடியும் வரை 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து 825. இதை அறியாதவர் வருடம் முழுவதற்கும் 824-ஐக் கூட்டிவிடுவார். பழைய திருவிதாங்கூர்ப் பதிவேட்டைக் காட்டிச் சேர்ந்த பலருக்கு இப்படித்தான் ஒரு வயது ஏறியது.

உண்மை உங்கள் பக்கம்தான். ஆனாலும் திருத்த மாட்டார்கள். சேரும்போது பதிந்த தேதியைக் காலம் கடந்து மாற்றக் கேட்பவர்களை உச்ச நீதிமன்றம் பலமுறை திருப்பி அனுப்பியிருக்கிறது. தவிர, சிப்பாய்க்கு ஓய்வு பெரும்பாலும் பணி ஆண்டுக் கணக்கில் வருவது. ஒரு வயது கூடியதால் உங்களுக்குப் பெரிய நட்டமும் இருந்திருக்காது. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள் ஐயா. 80 வயதானால் 20 சதவீதம் கூடுதல் ஓய்வூதியம். 1944 கணக்குப்படி அது உங்களுக்கு ஒரு வருடம் முன்னதாகவே வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் அதற்கு எழுதுங்கள், தேதியை விட்டுவிடுங்கள்.

கருங்கலிலிருந்து ஒரு மகன்: அப்பா இரண்டு மாதம் முன் காலமானார். ரெக்கார்டில் அம்மா பெயர் "செல்லம்மாள்". ஆதாரில் "மரிய செல்லம்". பிறந்த தேதி இருக்க வேண்டிய இடம் காலி. அம்மாவுக்கு 79 வயது. குடும்ப ஓய்வூதியம் நின்றுபோகுமா?

அம்மாவுக்கு என் ஆறுதலைச் சொல்லுங்கள் தம்பி. தாமதமாகும், கைவிட்டுப் போகாது.

செல்லம்மாள், செல்லம்மா என்ற அளவு வேறுபாடாக இருந்தால் "இருவரும் ஒருவரே" என்ற பிரமாணப் பத்திரத்தோடு முடிந்துவிடும். இங்கே ஞானஸ்நானப் பெயர் முன்னால் வந்திருக்கிறது. ரெக்கார்ட்ஸ் கண்ணுக்கு அது வேறொரு பெண். குலசேகரத்துக்காரருக்கு ஆதாரை மாற்றச் சொன்னேன். உங்கள் அம்மாவுக்கு அதைச் சொல்ல மாட்டேன், ஏனென்றால் வங்கிக் கணக்கு, வாக்காளர் அட்டை, வீட்டுப் பட்டா எல்லாம் அவர் வாழ்ந்த பெயரில் இருக்கும். மனைவி பெயர் என்றால் ரெக்கார்டைத்தான் மாற்ற வேண்டும்.

மாஜிஸ்திரேட் முன் கையெழுத்திட்ட பிரமாணப் பத்திரம், ஒரு தமிழ் நாளிதழிலும் ஓர் ஆங்கில நாளிதழிலும் பெயர் விளம்பரம், பங்குக் கோயில் திருமணப் பதிவேட்டின் நகல், அப்பாவின் இறப்புச் சான்று, டிஸ்சார்ஜ் புக், பி.பி.ஓ. இவற்றோடு நாகர்கோவிலில் உள்ள முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள். அவர்கள் வழியாக ரெக்கார்ட்ஸுக்குப் போவதே நல்லது; தனியாக அனுப்பிய தபால் எந்த மேசையில் தூங்குகிறது என்று கேட்க ஆள் இருக்காது.

காலியாக இருக்கும் பிறந்த தேதிக்கும் அதே மனுவிலேயே கேளுங்கள். குடும்ப ஓய்வூதியத்திலும் 80 வயதில் 20 சதவீதம் ஏறும், 85-இல் 30, 90-இல் 40, 95-இல் 50. நூறைத் தொட்டால் இரட்டிப்பு. தேதி இல்லாவிட்டால் இந்த உயர்வு எதுவும் தானாக வராது. அம்மாவுக்கு 80 ஆக இன்னும் ஒரு வருடம்தான் இருக்கிறது.

கணவர் உயிரோடு இருக்கும் வீடுகளில் இதை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள். என் கல்யாணத்தைப் பணிப் பதிவில் ஏற்றும் பார்ட் டூ ஆர்டரை நானே தட்டச்சு செய்தேன். அதில் என் மனைவி பெயரில் ஓர் எழுத்தை விட்டவனும் நானே. ஓய்வு பெற்று ஒன்பது வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தாள். இன்னும் சொல்லிக் காட்டுகிறாள்.

குழித்துறையிலிருந்து: தாத்தா 1955-இல் சேர்ந்தவர். சொந்த மாவட்டம் திருவனந்தபுரம் என்று இருக்கிறது. பிழைதானே?

சரியாகத்தான் எழுதியிருக்கிறார்கள். 1956 நவம்பர் 1 வரை விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீசுவரம் நான்கும் திருவிதாங்கூர்-கொச்சியில் திருவனந்தபுரம் மாவட்டத்துத் தாலுகாக்கள். இப்போதைய முகவரியைச் சேர்க்கச் சொல்லி எழுதினால் போதும்.

தோவாளையிலிருந்து ஒரு ஹவில்தார்: 1998-இல் ரத்த அழுத்தம் என்று மருத்துவத் தகுதியைக் குறைத்து அனுப்பினார்கள். ஊனம் 30 சதவீதம், ஆனால் "படைப்பணியால் வந்ததல்ல" என்று ஒரு வரி. அதனால் ஊன ஓய்வூதியம் இல்லை. அந்த வரியைத் திருத்த ரெக்கார்ட்ஸுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன்.

முப்பது முறை எழுதினாலும் அவர்களால் திருத்த முடியாது. அது எழுத்தர் பிழை இல்லை, மருத்துவ வாரியத்தின் கருத்து. வழி வேறு. முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி, வாரிய அறிக்கையையும் நீங்கள் சேர்ந்தபோது நடந்த மருத்துவப் பரிசோதனைத் தாளையும் வாங்குங்கள். சேரும்போது அந்த நோய் பற்றிக் குறிப்பு இல்லை என்றால், அது பணிக்காலத்தில் வந்ததாகவே கொள்ள வேண்டும். இல்லை என்று காரணத்தோடு காட்டும் பொறுப்பு படையுடையது. 2013-இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது.

அதைக் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். ஆறு மாதம் பதில் இல்லை என்றால், அடுத்த ஆறு மாதத்துக்குள் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். வென்றால் 30 சதவீதத்தை 50 ஆக உயர்த்திக் கணக்கிடவும் கேட்கலாம். 1998 முதல் நிலுவை வரும் என்று வீட்டில் சொல்லி வைக்காதீர்கள். இவ்வளவு தாமதமாக வருபவர்களுக்கு, மனுப்போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் பொதுவாகக் கொடுப்பார்கள்.

குளச்சலிலிருந்து ஒரு மகள்: அப்பா ஐந்து வருடம் மட்டும் பணியாற்றி 1968-இல் வந்தவர், ஓய்வூதியம் இல்லை. டிஸ்சார்ஜ் புக் ஒக்கிப் புயலில் நனைந்து கூழாகிவிட்டது.

ஓய்வூதியம் இல்லாதவர்களின் பணி ஆவணங்களை 25 ஆண்டுகளுக்குப் பின் அழித்துவிடுவார்கள். "ஆவணம் இல்லை" என்று பதில் வந்தால் சோர்ந்துவிடாதீர்கள் மகளே. லாங் ரோல் என்று ஒரு பெரிய பேரேடு உண்டு, அதை அழிப்பதில்லை. அதிலிருந்து பணி விவரம் கேட்டு எழுதுங்கள். படை எண் கட்டாயம் வேண்டும். புக் கூழானாலும் பழைய கடிதம், பதக்கத்தின் விளிம்பு என்று எங்காவது அந்த எண் இருக்கும், தேடுங்கள். 65 வயது தாண்டிய, ஓய்வூதியம் இல்லாத, ஹவில்தார் வரையிலானவர்களுக்கு மாத உதவித்தொகை இருக்கிறது. அதற்கும் நாகர்கோவில் அலுவலகத்திலேயே மனுக் கொடுக்கலாம்.

மார்த்தாண்டத்திலிருந்து: ஒருவர் 15,000 ரூபாய் கொடுத்தால் ஒரு மாதத்தில் திருத்தித் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

கொடுக்காதீர்கள். விளம்பரச் செலவு, பிரமாணப் பத்திரம், பதிவுத் தபால் தவிர இதற்கு வேறு செலவே இல்லை. அவரிடம் டிஸ்சார்ஜ் புக்கின் அசலைக் கொடுத்திருந்தால் இன்றே போய்த் திரும்ப வாங்கிவிடுங்கள்.