மனைப்பிரிவில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தை ஆக்கிரமிக்கிறார்கள். எப்படிக் காப்பாற்றுவது? காப்பாற்றினால் எல்லோருக்கும் பயன்படுமா?

கோவையில் எண்பதுகளில் அங்கீகாரம் பெற்ற ஒரு மனைப்பிரிவில் குடியிருக்கிறேன். பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய, நாங்கள் ரிசர்வ் சைட் என்று சொல்லும் இடத்தைத்தான் சென்னையில் ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) இடம் என்கிறார்கள். எங்களுடையது கையைவிட்டுப் போய், பிறகு திரும்பி வந்த இடம்.

ஆக்கிரமிப்பு ஒரே நாளில் நடப்பதில்லை. முதலில் இரண்டு லோடு எம்-சாண்ட் வந்து இறங்கும். யாரும் கேட்கவில்லை என்றால் செங்கல் வரும். பிறகு ஒரு தகரக் கொட்டகை, கொட்டகைக்கு ஒரு மின் இணைப்பு, அதைக் காட்டி ஒரு வரி ரசீது. ரசீது கைக்கு வந்த நாள் முதல் கொட்டகைக்காரர் அனுபவ பாத்தியதை, அதாவது நெடுநாள் அனுபவித்ததால் இடம் தனக்கே என்ற உரிமை, பேச ஆரம்பித்துவிடுவார். சில ஊர்களில் கொட்டகை வாசலில் ஒரு பிள்ளையாரும் வந்து அமர்ந்துவிடுவார். அதற்குப் பிறகு எந்த அதிகாரியும் அந்தப் பக்கம் தலைவைக்க மாட்டார். ஆகவே மணல் இறங்கிய அன்றே எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள்.

கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம், அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட பிரதி. மனை விற்றவர் கொடுத்த வண்ண நோட்டீஸ் எதற்கும் உதவாது. எங்கள் இடத்துக்கு இரண்டு வரைபடங்கள் உலவின. அங்கீகாரம் பெற்றதில் ‘பூங்கா’ என்று எழுதியிருந்த கட்டம், விற்பனைக்குக் காட்டியதில் 41அ, 41ஆ, 41இ என்று மூன்று மனைகளாகப் பிரிந்திருந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டிய பிறகுதான் எங்கள் பேச்சு எடுபட்டது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மூன்றைக் கேளுங்கள்: வரைபடப் பிரதி, பூங்கா இடத்தை உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுத்த தானப் பத்திரத்தின் எண், உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் அந்த இடம் ஏறியிருக்கிறதா என்ற விவரம். 30 நாளில் பதில் தர வேண்டும். அதற்குள் அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்றும் போட்டுப் பாருங்கள். யாராவது கிரயம் செய்திருந்தால் தெரிந்துவிடும்.

இன்றைய விதிப்படி, 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின் கீழ், 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக எழுதிக்கொடுத்தே ஆக வேண்டும். 3,000 முதல் 10,000 வரை என்றால், இடம் தர முடியாத நிலையில் அந்த இடத்துக்கு அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பைப் பணமாகக் கட்டிவிடலாம். எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கவில்லை. பணம் கஜானாவுக்குப் போய்விடும்; அந்தத் தெருப் பிள்ளைகள் கஜானாவுக்குள் பந்து விளையாட முடியாது.

“வழக்குப் போட நீங்கள் யார்?” என்று எங்களையும் கேட்டார்கள். அதற்கு உச்ச நீதிமன்றம் 1991லேயே பதில் சொல்லிவிட்டது. பெங்களூரு ராஜ்மஹால் விலாஸ் விரிவாக்கத்தில் பொதுப் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். அக்கம்பக்கத்தில் குடியிருந்தவர்கள்தான் வழக்குப் போட்டார்கள். அந்த ஒதுக்கீடு செல்லாமல் போனது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்ற அந்த வழக்கை உங்கள் மனுவிலேயே குறிப்பிடுங்கள். கிராமம் என்றால் 2011இன் ஜக்பால் சிங் தீர்ப்பு இருக்கிறது. புறம்போக்கு போன்ற பொது நிலங்களை மீட்கத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநில அரசுகளுக்கும் அதில் உத்தரவிட்டார்கள்.

இனி, கேள்வியின் இரண்டாவது பாதி. இதைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

இடம் திரும்பி வந்தது, சுவர் எழும்பியது, நடைபாதைக்குக் கல் பதித்தார்கள். எல்லாம் பொதுப்பணத்தில். அடுத்து வாசலில் ஒரு பூட்டும் ‘குடியிருப்போருக்கு மட்டும்’ என்று ஒரு பலகையும் வந்தன. சாவி குடியிருப்போர் சங்கத்தில். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லைன் வீட்டு (வரிசையாகக் கட்டிய சிறு வாடகை வீடுகளின்) பிள்ளைகள் சுவரேறிக் குதித்தால் அதட்டல். காலை 10 மணிக்குப் பூட்டினால் மாலை 4 மணிக்குத்தான் திறப்பு என்பதால், தெருவைக் கூட்டும் தூய்மைப் பணியாளர் அம்மாக்கள் மதியச் சோற்றைச் சுவருக்கு வெளியே, அது விடும் ஒரு சாண் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். உள்ளே ஆறு பெஞ்சு காலி.

தானப் பத்திரம் மாநகராட்சியின் பெயரில் இருக்கிறது, சங்கத்தின் பெயரில் இல்லை என்று கூட்டத்தில் சொன்னேன். “கண்டவர்களும் வருவார்கள்” என்றார் ஒருவர். ஆக்கிரமித்தவரோடு மோதுவது இதைவிடச் சுலபம். இவர்கள் பொங்கலுக்கு நம் வீட்டுக்குக் கரும்பு கொடுத்தனுப்புகிறவர்கள். வாக்குவாதம் மாதக்கணக்கில் நீண்டது. பலகை இறங்கியது, மதியமும் வாசல் திறந்திருக்கிறது. கழிப்பறைச் சாவி மட்டும் இன்னும் சங்கத்தில்தான்.

பூட்டு இல்லாமலும் ஆளைத் தடுக்கலாம். சென்னை கதீட்ரல் சாலையில் அரசு நீண்ட வழக்குக்குப் பின் மீட்ட நிலத்தில் 2024 அக்டோபரில் பூங்கா திறந்தபோது, பெரியவர்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 ரூபாய். நான்கு பேர் உள்ள கூலிக் குடும்பம் வாசலிலேயே கணக்குப் போட்டுத் திரும்பிவிடும். மெரினாவுக்கு டிக்கெட் கிடையாது, ஆனாலும் 2022 நவம்பரில் மரப்பாதை போடும்வரை சக்கர நாற்காலி மணலோடு நின்றுவிடும். அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைப் பிய்த்துப்போட்டது, மறுபடி சரிசெய்தார்கள். எங்கள் பூங்காவிலோ மாடு நுழையாமல் இருக்க வைத்த வளைவுக் கம்பி வாசல், சக்கர நாற்காலியையும் நிறுத்துகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தைக் காட்டி மனு கொடுத்திருக்கிறோம், பதில் வரவில்லை.

எனவே மீட்பு மனு எழுதும்போதே திறக்கும் நேரம், கட்டணமின்மை, வாசலின் அகலம், கழிப்பறை எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்டுவிடுங்கள். ஊராட்சிப் பகுதி என்றால் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும் கிராம சபையில் இதைத் தீர்மானமாகவே எழுத வையுங்கள். தீர்மானப் புத்தகத்தில் ஏறியதைப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.