ஹகாட்டாவில் அறை கிடைக்கும்வரை பெட்டியை என்ன செய்வது?

காலை 8 மணிக்கே ஜப்பானின் ஃபுகுவோகா விமான நிலையத்தில் இறங்குகிறேன், அதே ஊரின் ஹகாட்டா பகுதி ஹோட்டலில் அறையோ மாலை 3 மணிக்குத்தான், தனியாக வேறு வருகிறேன் என்று கேட்டிருந்தீர்கள். கவலையே வேண்டாம். சர்வதேச முனையத்திலிருந்து இலவசப் பேருந்தில் உள்நாட்டு முனையத்துக்கு வந்துவிட்டால், அங்கிருந்து மெட்ரோவில் ஹகாட்டா இரண்டாவது நிறுத்தம், ஐந்தாறு நிமிடம்தான். நேராக ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுங்கள். பெரும்பாலும் காசு வாங்காமலே வைத்துக்கொள்வார்கள். அப்புறம் குஷிதா கோயில்வரை காலாற நடந்துவிட்டு வாருங்கள்.

அறை சின்னதுதான். ஆனால் இரவு உடை, செருப்பு, பல்துலக்கி, கெட்டில், கழுத்தளவு வெந்நீரில் அமிழும் தொட்டி என்று தனியாள் கேட்காமலே எல்லாம் இருக்கும். எனக்கு அந்த அக்கறை ரொம்பப் பிடித்திருந்தது. சைவமா நீங்கள்? அப்படியானால் அந்த ஊர் ராமென் நூடுல்ஸ் சூப் வேண்டாம், அது பன்றி எலும்புச் சாறு.